ராகிக் கஞ்சி ஏன் கட்டி தட்டுகிறது?

ராகி மாவைத் தண்ணீரில் வேகவைத்து, இனிப்போ உப்போ சேர்த்துக் குடிப்பதுதான் ராகிக் கஞ்சி. பெங்களூரின் டிசம்பர் காலைக் குளிருக்கு இதைவிட இதமானது எனக்குத் தெரிந்து இல்லை.

மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால், வெளிப்பக்க மாவுச்சத்து சட்டென வெந்து பசையாகி, உள்ளே ஈரம் போகவிடாது. மழைக்கோட்டு போட்டவர் நனையாத மாதிரிதான். கட்டியைப் பிட்டுப் பாருங்கள், நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். அதனால் ஒருவருக்கு 2 மேசைக்கரண்டி மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை டம்ளர் நீரில் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வரும்வரை சிறுதீ போதும்.

அப்புறம் ஏலக்காய், வெல்லம். பால் ஊற்றினால் அடுப்பை அணைத்தபின் வெல்லம் போடுங்கள், திரியாது. என் ஓட்டு, ஆறியபின் மோரும் சின்ன வெங்காயமும்!

நீர்த்திருக்கிறதே என்று பலரும் மேலும் மாவு சேர்ப்பார்கள். தேவையில்லை, ஆற ஆறத் தானே இறுகும்.