சரக்கு வண்டிக்கும் நுகர்வோர் வழக்கு உண்டு

புது பிக்கப்பில் மழை வந்தால் கேபினுக்குள் தண்ணீர் இறங்குகிறது, சர்வீஸுக்கு விட்டும் சரியாகவில்லை, "சரக்கு வண்டிக்கு நுகர்வோர் வழக்கெல்லாம் செல்லாது" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய வண்டி என்றால் நீங்களும் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து ஓட்டினால் கதை வேறு.

உங்கள் பலமே ஜாப் கார்டுதான், அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் குறையை எழுதும் சீட்டு. "ஜெனரல் செக்கப்" என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். "கேபினில் தண்ணீர் கசிவு" என்றே எழுதச் சொல்லி, நகல் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். பழைய கார்டுகளின் நகலையும் விடாதீர்கள். கம்பெனிக்கு மின்னஞ்சல், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையா? நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள்.