எம்டி0 எங்கே போனது?

கேள்வி: எம்.சி. ரோடு பக்கம் சின்னதாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். கல்யாணப் படங்கள் எல்லாம் உபுண்டு கம்ப்யூட்டரில், இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ரெய்டு 1 மிரராக (இரண்டிலும் ஒரே படங்கள் பதிவாகும் அமைப்பு) இருக்கின்றன. அப்டேட் கொடுத்ததில், மிரரை நடத்தும் எம்டிஏடிஎம் மென்பொருளும் மாறியது. ரீஸ்டார்ட் செய்தால், ‘/டெவ்/எம்டி0 இல்லை’ (எம்டி0 என்பது எங்கள் மிரரின் பெயர்) என்று கருப்புத் திரையில் வந்து, இனிட்ராம்எஃப்எஸ் என்ற எழுத்தோடு நின்றுவிடுகிறது. மிரரைப் புதிதாக உருவாக்கினால் சரியாகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?
— வாசகி, வண்ணாரப்பேட்டை

பதில்: செய்யவே செய்யாதீர்கள், அம்மா. ‘கிரியேட்’ கட்டளை பழைய மிரரைத் தேடாது, அதன் மேலேயே புதுக் குறிப்பை எழுதிவிடும். காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவின் நான்கு டிஸ்க் ரெய்டு 5-ல் (டிஸ்க்குகளைச் சேர்க்கும் இன்னொரு முறை) யாரோ வரிசை மாற்றிக் கொடுத்து ‘கிரியேட்’ அடித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் டிஸ்க் விளக்குகள் விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தன, பழைய கணக்கின் மேல் அது எழுதிக்கொண்டே இருந்தது. மூன்று வருடக் கணக்கை நோட்டுகளைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். அந்த அம்மா நோட்டைப் புரட்டிப் படித்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்கள் படங்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். நம் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்குமே, அதே கதைதான். லினக்ஸ் கிளம்பும்போது முதலில் ஒரு குட்டி சிஸ்டம் எழுந்து மிரரைச் சேர்த்துக் கொடுக்கும். நீங்கள் திரையில் பார்த்த இனிட்ராம்எஃப்எஸ் அதுதான். எந்த மிரருக்கு என்ன பெயர் என்று எழுதியிருக்கும் எம்டிஏடிஎம் கான்ஃபிக் கோப்பின் நகல் ஒன்று அதற்குள் இருக்கும். அப்டேட் அந்த நகலைப் புதுப்பிக்கிறது. கோப்பில் உங்கள் மிரருக்கான வரி இல்லாவிட்டாலோ தப்பாக இருந்தாலோ, அதை வெளியாள் என்று நினைத்து எம்டி127 என்று எண் கொடுத்துவிடும். பூட் பகுதியோ எம்டி0 எங்கே என்று தேடிக்கொண்டு நிற்கும். ஆக, கோளாறு முன்பே இருந்திருக்கலாம், அப்டேட் அன்றுதான் வெளியே வந்தது.

நின்ற இடத்திலேயே ‘கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்’ அடித்துப் பாருங்கள் (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், ஆங்கிலத்தில் அடியுங்கள்). எம்டி127 என்ற வரியும், கீழே அடைப்புக்குள் இரண்டு ‘யு’வும் தெரிந்தால் இரண்டு டிஸ்க்கும் நலம். ஒரு ‘யு’வும் ஒரு அடிக்கோடும் என்றால் ஒரு டிஸ்க் விடுபட்டிருக்கிறது. மேலே போகாமல் கம்ப்யூட்டரை அணைத்துக் கேபிளைக் கழற்றிச் சொருகுங்கள். கடற்காற்று அடிக்கும் நம் பக்கத்தில் கேபிள் முனை கறுத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். எம்டி வரியே வரவில்லையென்றால் எதையும் அடிக்காமல் திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள்.

இரண்டு ‘யு’ இருந்தால், அந்த வரியில் உள்ள பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டிஏ2, எஸ்டிபி2 மாதிரி இருக்கும். எம்டிஏடிஎம்மில் ‘ஸ்டாப்’ கொடுத்து எம்டி127-ஐ நிறுத்துங்கள். அப்புறம் ‘அசெம்பிள்’ கொடுத்து, எம்டி0 என்ற பெயரையும் அந்த இரண்டு பார்ட்டிஷனையும் சொல்லுங்கள். ‘அசெம்பிள்’ என்றால் இருப்பதைச் சேர்ப்பது மட்டும். ‘எக்ஸிட்’ அடித்தால் சிஸ்டம் மேலே ஓட வேண்டும்.

உள்ளே போனதும் முதல் வேலை, படங்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுப்பது. மிரர் இருப்பது காப்பி எடுத்ததற்கு ஈடாகாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் உடனே அழிந்துவிடும். பிறகு எம்டிஏடிஎம் ‘டீடெய்ல் ஸ்கேன்’ காட்டும் அர்ரே வரியை (உங்கள் மிரரின் விவரம்) கான்ஃபிக் கோப்பில் சேருங்கள். பழைய அர்ரே வரி இருந்தால் நீக்கிவிடுங்கள். ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ ஓட்டுங்கள், குட்டி சிஸ்டத்தில் உள்ள நகல் புதுப்பிக்கப்படும். இதை விட்டுவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் அதே கருப்புத் திரைதான். எஃப்எஸ்டாபில் (எந்த டிஸ்க் எங்கே இணையும் என்ற பட்டியல் கோப்பு) எம்டி0 என்று எழுதியிருந்தால் அங்கே ஃபைல்சிஸ்டத்தின் யுயுஐடி என்ற அடையாளக் குறியைப் போட்டுவிடுங்கள். எம்டி எண் மாறினாலும் அது மாறாது.