வாசகர் கேள்விகள்: கதவைத் தட்டும் இரண்டு பையன்கள்

கேள்வி: டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு மத்தியானம் வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையோடு இரண்டு பையன்கள் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினார்கள். கொளுத்தும் வெயில். காபி போட்டுக் கொடுத்தேன், தொடவே இல்லை. மோர் கொடுத்ததும் மடக் மடக் என்று குடித்தார்கள். இவர்கள் யார்? என் காபியில் என்ன குறை?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: உங்கள் காபியில் ஒரு குறையும் இல்லை அம்மா. அவர்கள் மார்மன் மிஷனரிகள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்கள் சபையின் பெயர். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. அவர் 1833-ல் அறிவித்த உணவு நெறிப்படி காபி, தேநீர், மது, புகையிலை எல்லாமே விலக்கு. மோருக்குத் தடையில்லை. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர்களுக்கு நீங்கள் செய்தது பெரிய உபகாரம்.

நான் பல வருஷங்களாக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ நகரத்தில் இருக்கிறேன். எங்கள் தெருவில் பெரும்பாலும் மார்மன் குடும்பங்கள்தான். இவர்களுக்கான பெரிய பயிற்சி மையமும் இதே ஊரில் இருக்கிறது. பையன்கள் 18 வயதிலிருந்து போகலாம், 24 மாதம் ஊழியம். பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு என்று அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, சபைத் தலைமை சொல்கிற இடத்துக்குப் போக வேண்டும். முதல் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதும் இல்லை. குடும்பப் பெயரோடு 'எல்டர்' அல்லது 'சிஸ்டர்' என்றுதான் அழைப்பார்கள். பத்தொன்பது வயசுப் பையனை 'மூப்பர்' என்று அழைப்பது முதலில் எனக்கும் விசித்திரமாகத்தான் இருந்தது.

கேள்வி: கல்லூரிக்குப் போகிற வயசு. ஒரு வாரம் முழுக்க அப்படி என்னதான் செய்வார்கள்? உண்மையிலேயே பக்தியா, இல்லை ஊர் சுற்றுகிற ஆசையா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: ஊர் சுற்றுகிற ஆசையோடு போனவன் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பிலிப்பைன்ஸில் செபு தீவில் இருந்தான். வாரா வாரம் அவன் எழுதும் கடிதத்தை அவன் அம்மா எனக்கு வாசித்துக் காட்டுவாள். அங்கே திங்கட்கிழமை காலையில் எழுதுவான், இங்கே ஞாயிறு சாயங்காலம் வந்து சேரும்.

காலை 6.30-க்கு எழ வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, குளியல், அப்புறம் பைபிளும், மார்மன் நூல் என்கிற அவர்களுடைய தனி வேதமும் படிப்பு. அவனுக்குச் செபுவானோ மொழிப் படிப்பும் சேர்ந்துகொண்டது. பிறகு வெளியே கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவார்கள். 10.30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். சினிமா இல்லை, காதல் இல்லை. திங்கட்கிழமை மட்டும் சாயங்காலம் வரை சொந்த வேலைக்கு. அன்றைக்குத்தான் துணி துவைப்பது, சந்தைக்குப் போவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம்.

வீட்டில் மெஷினில் துணியைப் போட்டுப் பொத்தானை அழுத்தியே வளர்ந்தவன், அங்கே பெரிய பேசினில் சோப்புக் கட்டியும் பிரஷும் வைத்துக் காலரைத் தேய்க்கக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொடுத்தது அவனுடைய கூட்டாளி, மிண்டனாவோ தீவைச் சேர்ந்த பையன். சோறும் கருவாடும் கையால் பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். அந்தக் கடிதம் வந்த அன்று அவன் அம்மாவைவிட எனக்குத்தான் சந்தோஷம்!

இந்தக் கூட்டாளி ஏற்பாடு முக்கியமானது. மிஷனரி தனியாக இருக்கவே கூடாது. தூங்குவதும் நடப்பதும் சாப்பிடுவதும் இரண்டு பேராகத்தான். யாரோடு என்பதை மேலிடம் முடிவு செய்யும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றல் வரும். கூட்டாளி மாறலாம், ஊர் மாறலாம், எதுவும் மாறாமலும் இருக்கலாம். பிடிக்காத ஒருவனோடு ஆறு வாரம் ஒரே அறையில் இருந்து, அவனோடு சேர்ந்து முழங்கால் போட்டு ஜெபம் செய்ய வேண்டும். கதவு தட்டுவதைவிட இதுதான் கஷ்டம் என்று அவன் ஒரு முறை எழுதியிருந்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பக்தியைப் பற்றிக் கேட்டீர்கள். செபுவில் ஏறக்குறைய எல்லோரும் கத்தோலிக்கர்கள். 1521-ல் மெகல்லன் வந்தபோது கொடுத்த குழந்தை இயேசு சிலையை இன்றும் கொண்டாடுகிற ஊர். தெருப்பிள்ளைகள் 'ஹே ஜோ!' என்று கத்திக்கொண்டு ஓடிவருவார்கள், அமெரிக்கர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரியவர்கள் சிரித்த முகத்தோடு உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். ஆனால் மதம் மாறச் சம்மதிப்பவர்கள் குறைவு. 'வியாழக்கிழமை வாருங்கள்' என்பார்கள், வியாழக்கிழமை வீடு பூட்டியிருக்கும்.

மார்மன் போதனையில் ஒரு விஷயம் இருக்கிறது. நூலைப் படித்துவிட்டு, இது உண்மையா என்று கடவுளிடம் நீங்களே கேளுங்கள், உங்கள் உள்ளத்துக்கே பதில் வரும் என்பார்கள். மார்மன் நூலின் கடைசிப் பகுதியிலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆக, இந்தப் பையனின் வேலையே ஊராரிடம் 'கேட்டுப் பாருங்கள், பதில் வரும்' என்று சொல்வது. தனக்கே பதில் வராத வாரத்தில் அதை எப்படிச் சொல்வான்? ஒரு மழைக்காலக் கடிதத்தில் அதை எழுதியிருந்தான். நான் கேட்கிறேன், எந்தப் பதிலும் வரவில்லை, ஆனாலும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போகிறேன் என்று. அவன் அம்மா வாசித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

சில வாரம் கழித்து எழுதியது வேறு மாதிரி இருந்தது. ஒரு பாட்டி நூலை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் போகும்போதெல்லாம் சோறு போடுவார். சவுதியில் வேலை செய்யும் தன் மகனுக்காக ஜெபம் பண்ணச் சொல்வார். இவனும் பண்ணினான். பயிற்சியில் கற்ற சொற்கள் அப்போது வாயில் வரவில்லையாம். தெரிந்த கொஞ்சம் செபுவானோவில் தட்டுத்தடுமாறிச் சொன்னானாம். அதுதான் தன் வாழ்க்கையில் தானாகச் செய்த முதல் ஜெபம் என்று எழுதினான். பாட்டி கடைசி வரை கத்தோலிக்கராகவே இருந்தார். நான் திருநீறு பூசுகிறவள், அவர்கள் நம்பிக்கையில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்தது பக்திதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: பெற்ற தாயோடு பேசவே விடமாட்டார்களாமே? இது என்ன கொடுமை?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முன்பு அப்படித்தான் இருந்தது. கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என வருஷத்துக்கு இரண்டு முறைதான் போன் பேசலாம். 2019 பிப்ரவரியிலிருந்து வாரா வாரம், சொந்த வேலைக்கு விடுகிற அந்த நாளில் பேசலாம், வீடியோவிலும் பார்க்கலாம். மிக நல்ல மாற்றம். எதிர்வீட்டு அம்மாள் தன் மூத்த மகனைப் பழைய விதியில் அனுப்பியவர். தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலிலேயே நிற்பாராம்.

கேள்வி: சம்பளம் உண்டா? கட்டாயப்படுத்தி அனுப்புகிறார்களா?
– வாசகர், ஈரோடு

பதில்: சம்பளம் கிடையாது. இவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 2020-லிருந்து மாதம் 500 டாலர், எந்த நாட்டுக்குப் போனாலும் அதே தொகை. இரண்டு வருஷத்துக்கு 12,000 டாலர். புல் வெட்டி, ஹோட்டலில் வேலை பார்த்து இதற்காகச் சேர்க்கிற பிள்ளைகளை எங்கள் தெருவில் பார்க்கிறேன்.

கட்டாயம் என்று சட்டம் இல்லை. ஆனால் ஆண்பிள்ளைகளுக்கு இது கடமை என்றே சபை சொல்கிறது. அப்பா போனார், அண்ணன் போனான், நீ எப்போது என்று எல்லோரும் கேட்பார்கள். மனச்சோர்வாலோ உடல் நலத்தாலோ பாதியில் திரும்புகிற பிள்ளைகளின் பாடுதான் பாவம். ஊர்க்கண்ணுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடமே சொல்லியிருக்கிறேன். அவளும் மறுக்கவில்லை. வெளியூர் போக இயலாதவர்கள் வீட்டிலிருந்தபடியே உணவு வங்கி போன்ற இடங்களில் சேவை செய்யும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. அதையும் முழு ஊழியமாகவே மதிக்க வேண்டும் என்று சபை சொல்கிறது. தெருக்காரர்களும் அப்படி மதிக்கப் பழக வேண்டும்.

கேள்வி: மெல்பர்னில் என் தங்கை மகள் தனியாக இருக்கிறாள். இவர்கள் வந்தால் உள்ளே விடலாமா? வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவள் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால் பையன்கள் உள்ளே வர மாட்டார்கள், அவர்கள் விதி அப்படி. வாசலில் நின்றே பேசுவார்கள், அல்லது பெண் மிஷனரிகளை அனுப்புவார்கள். விருப்பமில்லை என்றால் நேராகவே சொல்லச் சொல்லுங்கள்: 'எனக்கு என் சாமி இருக்கிறது, இனி வர வேண்டாம்.' அதைக் கேட்டு அவர்கள் மனம் உடைய மாட்டார்கள், தினமும் கேட்பதுதான். 'அப்புறம் பார்க்கலாம்' என்று மட்டும் சொல்ல வேண்டாம். அதை நம்பி அடுத்த வாரம் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து நிற்பார்கள். தண்ணீர் கேட்டால் கொடுக்கட்டும்.