விண்வெளி அறிவியலில் அதிகம் பேசப்படாதவர்களைக் குழந்தைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்தலாம்?

பத்து வயது மகளுக்கு ககாரினையும் ஆம்ஸ்ட்ராங்கையும் தெரியும், மற்றவர்களைச் சொல்லித்தர ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலை நான் முயன்று பார்த்துவிட்டேன். என் அக்கா மகனுக்காகப் பத்துப் பேரின் படத்தையும் சாதனையையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒரே ஒரு பெயர்தான் அவன் நினைவில் இருந்தது. தப்பு அவனுடையதில்லை. ஆளுக்கு இரண்டு வரி எழுதினால் எல்லோரும் ஒரே ஆள் போலத்தான் தெரிவார்கள்.

அதற்குப் பிறகு வழியை மாற்றினேன். ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அது யார் யார் கைமாறி வந்தது என்று கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவனுக்கு மிகவும் பிடித்தது, விண்மீன்களின் தூரத்தை எப்படி அளந்தார்கள் என்ற கதை.

அது இங்கிலாந்தின் யார்க் நகரில், ஜான் குட்ரிக் என்ற இளைஞரிடம் தொடங்குகிறது. சிறு வயதில் வந்த நோயால் அவருக்குக் காது கேட்காது. 1782-ல், 18 வயதில், அல்கோல் என்ற விண்மீன் திடீரென மங்கி மறுபடி பிரகாசிப்பதைக் கவனித்தார். இரவுக்கிரவு குறித்துவைத்து, மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது என்று கணக்கிட்டார். இருண்ட ஏதோ ஒன்று அதன் குறுக்கே போகிறதோ என்றும் எழுதினார். அது சரி என்று உறுதியாக நூறாண்டுக்கும் மேல் ஆனது. 1784-ல் டெல்டா செஃபீ என்ற இன்னொரு விண்மீனின் ஒளியும் கூடிக் குறைவதைக் கண்டார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் எட்வர்ட் பிகட், ஈட்டா அக்விலே என்ற விண்மீனில் இதே போன்ற மாற்றத்தைக் கண்டார். குட்ரிக் 1786-ல், 21 வயதில் இறந்துபோனார். “அவர் ஆரம்பிச்சப்போ என்னைவிட ஆறு வயசுதான் பெரியவரா, சித்தி?” என்று பன்னிரண்டு வயதுப் பையன் கேட்ட அன்றுதான் கதை அவனுக்குள் இறங்கியது.

அடுத்த கை ஹென்ரியட்டா லெவிட்டுடையது. ஹார்வர்ட் வானாய்வகத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்கு, வானத்தின் படம் பதிந்த கண்ணாடித் தகடுகளைப் பார்ப்பது அவர் வேலை. அந்தத் தகடுகளில் வானம் வெள்ளை, விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகள். வெவ்வேறு இரவுகளில் எடுத்த தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எந்தப் புள்ளி பெருத்திருக்கிறது, எது சிறுத்திருக்கிறது என்று தேட வேண்டும். இப்படியே 2,400-க்கு மேற்பட்ட மாறும் விண்மீன்களைக் கண்டுபிடித்தார். அவருக்கும் காது கேட்பது வரவரக் குறைந்துகொண்டே போனது.

இந்த இடத்தில் வாயால் சொல்வதை நிறுத்திவிடுங்கள். ஒளி ஊடுருவும் இரண்டு தாள்களில் ஒரே மாதிரி ஐம்பது புள்ளி வையுங்கள். ஒரு தாளில் மட்டும் ஒரு புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். லெவிட் என்ன செய்தார் என்பது கண் வலிக்கும்போது தானாகப் புரியும்.

சிறிய மெகல்லன் மேகம் என்ற தொலைதூர விண்மீன் கூட்டத்தில் இருந்த, குட்ரிக் பார்த்த டெல்டா செஃபீயின் வகையைச் சேர்ந்த 25 விண்மீன்களை வைத்து 1912-ல் அவர் கண்டது இது: ஒளி கூடிக் குறைய அதிக நாள் எடுக்கும் விண்மீன் உண்மையிலேயே அதிகப் பிரகாசமானது. தூரத்து மலையில் வரிசையாக விளக்குகள் இருந்தால், எல்லாம் ஏறக்குறைய ஒரே தொலைவுதானே? அதிகமாக ஒளிர்வதாகத் தெரிவது நிஜமாகவே பெரிய விளக்கு. உண்மைப் பிரகாசம் தெரிந்துவிட்டால், நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். 1923-ல் எட்வின் ஹபிள் என்ற வானியலாளர், ஆண்ட்ரோமீடா என்ற மங்கலான ஒளித்திட்டில் இந்த வகை விண்மீன் ஒன்றைக் கண்டார். லெவிட் காட்டிய வழியில் கணக்கிட்டபோது, ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெகு அப்பால் இருக்கும் தனி விண்மீன் மண்டலம் என்று தெரிந்தது. லெவிட் 1921-லேயே இறந்துவிட்டார். ஹபிளின் பெயர் விண்வெளித் தொலைநோக்கியில் இருக்கிறது. லெவிட்டின் பெயர் நிலாவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு.

அநியாயத்தைச் சொல்லும்போது மட்டும் மிகுந்த கவனம் தேவை. “அவர் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார்கள்” என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த 1912 அறிக்கை வானாய்வக இயக்குநர் பிக்கரிங்கின் பெயரில் வந்தாலும், அதைத் தயாரித்தவர் லெவிட் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. ஜோசலின் பெல் கதையும் அப்படித்தான். 1967-ல் மாணவியாக, வானொலித் தொலைநோக்கி பதிவுசெய்த, நாளுக்குச் சுமார் 30 மீட்டர் நீளும் வரைபடத் தாளைக் கண்ணாலேயே அலசி, சின்னக் கிறுக்கல் போன்ற ஒரு தடயத்தை விடாமல் துரத்தியவர் அவர். 1.33 நொடிக்கு ஒருமுறை துடித்த அதுதான் முதல் பல்சார், அதாவது சீரான இடைவெளியில் வானொலித் துடிப்பு வரும் விண்மீன். 1974-ல் அதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது. பெல்லோ, மாணவர்களுக்கு நோபல் தருவது மிக அரிதாகவே நடக்க வேண்டும், என்னுடையது அப்படி அரிதானது இல்லை என்று பிறகு சொன்னார். இரண்டையும் சொல்லி, முடிவைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். என் அக்கா மகன் பெல் சொன்னதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவனோடு நானும்தான். 2018-ல் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசு முழுவதையும், இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த மாணவர்களின் உதவித்தொகைக்கு அவர் கொடுத்துவிட்டார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் மகள் கைவேலைப் பிரியை என்றால், மனிதர்களை நிலாவுக்குக் கொண்டுபோன அப்பல்லோ விண்கலத்தின் கணினி நினைவகத்தை ஊசியால் பின்னிய பெண்களிடமிருந்து ஆரம்பிக்கலாம். கம்பியானது சின்னக் காந்த வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. மணியும் நூலும் இருந்தால் அவளே தன் பெயரைப் பின்னிவிடுவாள்.

பிகட் பார்த்த ஈட்டா அக்விலேயை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். செப்டம்பர், அக்டோபரில் இருட்டியதும் திருவோண விண்மீனைக் கண்டுபிடியுங்கள். அதே கழுகுத் தொகுதியில்தான் இதுவும் இருக்கிறது. ஏழு நாளுக்கு ஒருமுறை அதன் ஒளி கூடிக் குறையும். திருவோணத்தை ஒட்டியிருக்கும் பீட்டா அக்விலேயோடு தினமும் ஒப்பிட்டால் மாற்றம் தெரிந்துவிடும். நாங்கள் ஒன்பது இரவு பார்த்தோம், இரண்டு இரவு மேகம். நான்காம் நாள் பக்கத்தில் அவன் நோட்டில் எழுதியிருந்தது: “முந்தாநாள் இது பெரியது. இன்று பீட்டா பெரியது. சித்தியும் பார்த்தார்.”