அரசர் இருக்கிற நாட்டில் எத்தனை பிரெசிதெந்தே?

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். இலக்கணம் ஓரளவு கைக்குள் வந்துவிட்டது. ஆனால் ஸ்பெயின் செய்தித்தாளைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, செய்தி மட்டும் புரிவதில்லை. அரசர் இருக்கிற நாட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'பிரெசிதெந்தே' (பிரசிடெண்ட்) வருகிறார். யார் இவர்கள்? எதைப் படித்தால் தெளியும்?

க., கோவை

அன்புள்ள க.,

அங்கே பிரதமருக்கே அதுதான் பெயர்: 'பிரெசிதெந்தே தெல் கோபியெர்னோ', அதாவது அரசாங்கத்தின் தலைவர். இப்போது பெத்ரோ சாஞ்செஸ். நாட்டின் தலைவர் அரசர் ஆறாம் பெலிப்பே. அப்புறம் 17 தன்னாட்சிப் பகுதிகளுக்கும் ஆளுக்கொரு பிரெசிதெந்தே உண்டு. நம் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாஸ்க் பகுதியும் நவார்ராவும் வரிகளைப் பெரும்பாலும் தாங்களே வசூலித்துக்கொண்டு மாத்ரிதுக்கு ஒரு பங்கைக் கொடுக்கின்றன. நம் ஊரில் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

படிக்க ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள்: 1978ஆம் ஆண்டு அரசியல் சட்டம். மொத்தமே 169 பிரிவுகள். 2ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரே வாக்கியம். முதல் பாதியில் ஸ்பெயின் தேசத்தின் பிரிக்க முடியாத ஒற்றுமை. மறுபாதியில் 'நாசியொனலிதாதெஸ்' (ஏறக்குறைய 'தேசிய இனங்கள்') மற்றும் பிரதேசங்களின் தன்னாட்சி உரிமை. 'நாசியோன்', அதாவது தேசம், ஒன்றுதான், அது ஸ்பெயின். மற்றவர்களுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும், 'தேசம்' என்று சொல்லவும் கூடாது. அதற்குக் கண்டுபிடித்த சொல் இது. எந்தெந்தப் பகுதி அதில் சேரும் என்று சட்டத்தில் எங்கும் பட்டியல் இல்லை. மறந்துவிட்டதால் அல்ல. சர்வாதிகாரி பிராங்கோ இறந்து அப்போது மூன்றே வருடம். எல்லோரும் கையெழுத்துப் போட அந்த மழுப்பல் தேவைப்பட்டது. தனிநாடு கேட்கும் குரல் உள்ள கத்தலோனியா பகுதி பற்றி இன்று நீங்கள் படிக்கும் செய்திகளில் பாதி அந்த வாக்கியத்தைப் பிடித்து இழுக்கும் சண்டைதான்.

அடுத்த பிரிவு, நீங்கள் படிக்கும் மொழியை 'எஸ்பன்யோல்' (ஸ்பெயினின் மொழி) என்று சொல்லாமல் 'காஸ்தெயானோ' (காஸ்தீல் பகுதியின் மொழி) என்கிறது. மற்ற மொழிகளும் ஸ்பெயினுடையவையே என்பது அதன் உட்பொருள். ஆனாலும் 2023 செப்டம்பரில்தான் நாடாளுமன்றக் கீழவையில் கத்தலான், பாஸ்க், கலீசிய மொழிகளில் தாராளமாகப் பேச வழி பிறந்தது. உறுப்பினர்களுக்கு மொழிபெயர்ப்பு கேட்கக் காதுக்கருவி கொடுத்தார்கள். முதல் நாளே இதை எதிர்த்த தீவிர வலதுசாரி வோக்ஸ் கட்சியினர் அவற்றைக் கொண்டுபோய் சாஞ்செஸின் காலி இருக்கையில் குவித்துவிட்டு வெளியேறினார்கள்.

சட்டம் சலித்தால், ஸ்பெயின் குடியுரிமைக்கு எழுத வேண்டிய தேர்வின் கேள்விக் கையேட்டை, ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் அரசு அமைப்பான செர்வாந்தெஸ் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. தேர்வில் 25 கேள்வி, 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. உங்கள் ஸ்பானிஷுக்கு அது தாராளமாகப் புரியும். 2ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டால் எழுதுங்கள்.