இத்தாலியின் மூலையில் இருக்கும் திரியெஸ்தே எப்படி ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் துறைமுகமாக இருந்தது? ஸ்லோவேனிய எல்லை ஏன் நகரத்தை ஒட்டியே ஓடுகிறது?

முதல் காரணம் கடலின் ஆழம். மத்தியதரைக் கடல் ஐரோப்பாவுக்குள் வடக்கே அதிகம் ஏறி வருவது திரியெஸ்தே வளைகுடாவில்தான். மேற்கே வெனிஸ் பக்கம் ஆறுகள் கொட்டும் வண்டலால் கரையோரம் மேடாகிக்கொண்டே இருக்கும். திரியெஸ்தேயில் பாறைக்கரை என்பதால் 18 மீட்டர் ஆழமுள்ள துறைமேடைகள் உண்டு. ஆனால் நகரின் முதுகிலேயே கார்ஸ்ட் சுண்ணாம்புப் பீடபூமி 300 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. ஊர் விரிய இடமில்லை.

வெனிஸுக்கு அஞ்சி 1382-ல் இந்த ஊர் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் பாதுகாப்பில் சேர்ந்தது. அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சிற்றூராகவே கிடந்தது. 1719-ல் பேரரசர் ஆறாம் சார்லஸ் இதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தார். இறக்கிய சரக்கை இங்கேயே வைத்திருந்து மறுபடி விற்கலாம். உள்நாட்டுக்குள் போனால்தான் தீர்வை. கிரேக்கர், செர்பியர், யூதர் என வணிகர்கள் வந்து குவிந்தார்கள். அவர் மகள் மரியா தெரேசா காலத்தில் உப்பளங்களைத் தூர்த்துப் புதுப் பேட்டை கட்டினார்கள். அங்கே கால்வாய் வழியாகப் படகு வீட்டு வாசலுக்கே வரும். தரைத்தளம் கிடங்கு, மாடியில் குடித்தனம்.

வியன்னாவிலிருந்து ரயில் பாதை 1857-ல்தான் இங்கே வந்து சேர்ந்தது. ஆல்ப்ஸ் மலையைப் போலவே கடைசிக் கட்டமான கார்ஸ்டும் பெரும்பாடு படுத்தியது. சுண்ணாம்புப் பாறை மழையை அப்படியே உறிஞ்சிவிடும். திமாவோ ஆறே ஷ்கோட்சியானில் குகைக்குள் புகுந்து, சுமார் 40 கி.மீ. தள்ளி துயீனோ அருகே வெளியே வருகிறது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமே! அவுரிசினா கரையோர ஊற்றுகளிலிருந்து நீரை மேலே ஏற்றிக் கொடுத்தார்கள். 1869-ல் சூயஸ் திறந்ததும் ஆஸ்திரியன் லாயிட் கப்பல்கள் இங்கிருந்து பம்பாய் வரை ஓடின.

1918-க்குப் பின் நகரம் இத்தாலிக்குப் போனது. துறைமுகம் அப்படியே இருந்தது. அதற்குச் சரக்கு தந்த ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுதான் இல்லாமல் போனது. இத்தாலிக்கோ ஏற்கெனவே துறைமுகங்கள் ஏராளம். நகரம் தளர்ந்ததற்கு இதுதான் மூலகாரணம் என்பேன்.

எல்லை விஷயத்தில் பலர் குழம்புவது 1947-ல். அந்த ஆண்டு உருவான 'சுதந்திரப் பிரதேசம்' என்பது நகரம் மட்டுமல்ல, மொத்தம் 738 சதுர கி.மீ. நகரம் இருந்த ஏ மண்டலம் பிரிட்டன், அமெரிக்கா கையில். தெற்கே பி மண்டலம் யூகோஸ்லாவியா கையில். 1954-ல் ஏ மண்டல நிர்வாகம் இத்தாலிக்கு வந்தது. இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் 1975-ல் செய்த ஓசிமோ ஒப்பந்தம், இரு மண்டலங்களையும் பிரித்த எல்லைக்கோட்டையே இறுதி எல்லையாக்கியது. 1991-ல் யூகோஸ்லாவியா உடைந்தபோது பி மண்டலமும் ஸ்லோவேனியா, குரோஷியா என இரண்டானது. அந்தப் பிரதேசத்தை உருவாக்கிய 1947 இத்தாலி சமாதான உடன்படிக்கையின் எட்டாம் இணைப்பு இன்னும் உயிரோடிருக்கிறது. துறைமுகத்தின் சுங்கச் சலுகைக்கு அதுதான் அடிப்படை.

திரியெஸ்தே கிடைக்காத யூகோஸ்லாவியா, சுமார் 20 கி.மீ. தொலைவில், இன்று ஸ்லோவேனியாவில் இருக்கும் கோப்பரில் 1957-ல் புதுத் துறைமுகம் தொடங்கியது. இன்று இரண்டும் அதே ஆஸ்திரிய, ஹங்கேரிச் சரக்குக்குப் போட்டி போடுகின்றன. கச்சா எண்ணெயில் திரியெஸ்தேதான் முன்னிலை: 1967 முதல் இங்கிருந்து குழாய்வழியாக ஆல்ப்ஸைத் தாண்டி ஜெர்மனியின் இங்கோல்ஷ்டாட்டுக்கு எண்ணெய் போகிறது.

நேரில் போகிறவர்கள் 'போரா' காற்றை லேசாக நினைக்க வேண்டாம். உள்நாட்டில் தேங்கும் குளிர்காற்று, கனம் தாங்காமல் பீடபூமி விளிம்பிலிருந்து கடலை நோக்கிச் சரிந்து விழுகிறது. சில வேளை மணிக்கு 150 கி.மீ.-க்கு மேல் அடிக்கும். முன்பெல்லாம் நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத் தெருவோரம் கயிறு கட்டுவார்கள். குளிர்காலத்தில்தான் உக்கிரம், குடை விரித்தால் மிஞ்சாது.

காபிக் கடையில் 'நேரோ' என்றால் எஸ்பிரெஸ்ஸோ, 'காப்போ' என்றால் கொஞ்சம் பால் விட்டது, 'காப்போ இன் பி' என்றால் அதையே கண்ணாடி டம்ளரில் தருவார்கள். கோப்பருக்கு அரைநாள் போய்வர ஷெங்கன் விசாவே போதும். ஆனால் 2023 அக்டோபரில் இத்தாலி எல்லைச் சோதனையை மறுபடி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.