கடன் வாங்கிப் பெட்ராவுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருநெல்வேலியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. ஒரே மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எங்களுக்குத் திருமணமாகி 20 ஆண்டுகள் நிறைகின்றன. வரும் டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் ஜோர்டான் போய், பாறையைக் குடைந்து உருவாக்கிய பழைய நகரமான பெட்ராவைப் பார்த்து வர ஆசைப்படுகிறோம். பயண முகவர் நான்கு இரவு பேக்கேஜுக்கு ஒருவருக்கு ₹1,40,000 கேட்கிறார். நான்கு இரவும் அம்மானில் தங்கல். பெட்ராவுக்கு ஒரு நாள் போய்த் திரும்புவது. ஆர்.டி. முதிர்ந்த ₹1,50,000 கையில் இருக்கிறது. மீதி ₹1,30,000-ஐ 14% வட்டியில் 24 மாதத் தனிநபர் கடனாக வங்கி தருகிறது. மகளின் கல்லூரிக்காக ₹4 லட்சம் எஃப்.டி.யில் போட்டிருக்கிறோம். மாதம் ₹10,000 மிச்சம் பிடிக்க முடியும். கடன் வாங்குவதா, எஃப்.டி.யை உடைப்பதா? பயணச் செலவை எல்.டி.ஏ. என்ற விடுமுறைப் பயணப்படியில் காட்டி வரி விலக்குக் கேட்க முடியுமா? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இருபது ஆண்டுகளில் உங்கள் இருவருக்காக என்று நீங்கள் திட்டமிடும் செலவு இது. கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் டிசம்பரில் வேண்டாம், கடனிலும் வேண்டாம், அந்தப் பேக்கேஜிலும் வேண்டாம். மே மாத முதல் வாரத்தில், உங்கள் சொந்தப் பணத்தில், ஐந்து இரவுகளாகப் போய் வாருங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

முதலில் கடன். ₹1,30,000-க்கு 14% வட்டியில் 24 மாதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய ₹6,240. வட்டியாக மட்டும் சுமார் ₹19,800 கட்டுவீர்கள். செயலாக்கக் கட்டணமும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும் தனி. இந்த ₹19,800-ஐ ஜோர்டான் தினாரில் மாற்றிப் பாருங்கள். கணக்குக்காக ஒரு தினார் ₹130 என்று வைத்தால் 152 தினார் வருகிறது. ஜோர்டான் விசாவும், பெட்ராவில் இரண்டு நாளும், ஜெராஷ், வாடி ரம் உள்ளிட்ட இடங்களின் நுழைவுக் கட்டணமும் அடங்கிய ஜோர்டான் பாஸ் இருவருக்கும் சேர்த்து 150 தினார். நாலு மாதம் பொறுக்காததற்காக வங்கிக்குப் போகும் பணத்தில் அந்த நாட்டையே சுற்றிப் பார்த்துவிடலாம். மாதம் ₹6,240 தவணை கட்ட முடிகிற குடும்பத்தால் அதே பணத்தை முன்கூட்டியே சேர்க்கவும் முடியும்.

எஃப்.டி.யைத் தொடவே தொடாதீர்கள். முன்கூட்டியே உடைத்தால் வட்டியில் வெட்டு விழும் என்பது சிறிய விஷயம். உங்கள் மகள் கல்லூரி வாசலில் நிற்க இன்னும் இரண்டு ஆண்டுகூட இல்லை. உடைத்த பணத்தைத் திரும்ப நிரப்புவதற்குள் கட்டண ரசீது வந்துவிடும். நகைக் கடன் வட்டி குறைவு என்று யாராவது சொல்லக்கூடும். அதற்கும் என் பதில் இதுவே.

இனி பேக்கேஜ். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். ஜோர்டானின் கட்டண முறையை ஊன்றிப் பார்த்தால் எப்படிச் செலவிட வேண்டும் என்பது அதிலேயே தெரியும். பெட்ராவில் ஒரு நாள் நுழைவு 50 தினார். இரண்டு நாளுக்கு 55, மூன்று நாளுக்கு 60. முதல் நாளுக்கு ஐம்பது கொடுத்துவிட்டால் அடுத்த நாளுக்கு வெறும் ஐந்துதான். விமான டிக்கெட்டும் அப்படித்தான்: நான்கு இரவு தங்கினாலும் ஐந்து இரவு தங்கினாலும் கட்டணம் ஒன்றே. பெரிய செலவுகளையெல்லாம் செய்து முடித்தபின், மிக மலிவாகக் கிடைக்கும் அந்தக் கூடுதல் நாளை உங்கள் முகவர் வெட்டிவிட்டார்.

அந்த ஒரு நாள் பயணம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மானிலிருந்து பெட்ரா ஏறக்குறைய 235 கிலோமீட்டர். சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல். போகவும் வரவும் ஆறேழு மணி நேரம் வண்டியிலேயே கழிந்துவிடும். டிசம்பரில் பகல் குறுகியது. வாசலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால்தான் சிக் எனப்படும் மலைப்பிளவு வரும். அதன் நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். இருபுறமும் செங்குத்தான பாறை. அதன் அடிப்பகுதியில், பெட்ராவை உருவாக்கிய நபதேயர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் கொண்டுவர வெட்டிய வாய்க்கால் இன்றும் கூடவே வருகிறது. இடுப்பளவு உயரத்தில் அதைக் கையால் தொட்டுக்கொண்டே நடக்கலாம். அந்த வழி முடியும் இடத்தில்தான் கஸ்னா என்ற, பாறையைக் குடைந்த முகப்பு நிற்கிறது. ஒரு நாள் குழுவில் வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கே படம் எடுத்துக்கொண்டு, இன்னும் சற்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அரசர் கல்லறைகளும், 800-க்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் பார்க்க வேண்டிய தெய்ர் என்ற மடமும் அதற்கப்பால் இருக்கின்றன. சர்க்கரை நோய் உள்ள நீங்கள் உட்கார்ந்து எழுந்து, நிதானமாக ஏற வேண்டிய படிகள் அவை. நான்கு மணி நேரத்தில் முடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டியவருக்கு அது சாத்தியமில்லை. இருவரும் ₹2,80,000 செலவு செய்து போவது இந்த ஊருக்காக. இதையே அரைகுறையாகப் பார்த்துவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. அம்மானில் இரண்டு இரவு: நகரத்து மலைக்கோட்டையும் ரோமானியத் திறந்தவெளி அரங்கும் ஒரு மாலைக்குப் போதும்; வடக்கே ஜெராஷ் என்ற ரோமானிய நகரத்துக்கு ஒரு நாள். பிறகு அம்மானிலிருந்து அதிகாலையில் புறப்படும் ஜெட் (JETT) என்ற பஸ் நிறுவனத்தின் வண்டியில் பெட்ராவின் வாசல் ஊரான வாடி மூசாவுக்குப் போய், அங்கே இரண்டு இரவு. முற்பகலில் போய்ச் சேர்ந்தால் அன்றே உள்ளே போகலாம். மறுநாள் முழுவதும் இருக்கும். அடுத்து வாடி ரம் பாலைவனத்தில், பெதுயின் என்ற பாலைவன மக்களின் கூடாரத்தில் ஓர் இரவு. கடைசி நாள் அங்கிருந்து டாக்சியில் நேரே விமான நிலையம். குவீன் ஆலியா விமான நிலையம் அம்மானுக்குத் தெற்கே இருப்பதால் நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. சாக்கடலை இந்தத் தடவை விட்டுவிடலாம். அதற்கென்று ஒரு நாளை ஒதுக்கினால் பெட்ராவின் இரண்டாம் நாள்தான் போகும்.

உத்தேசக் கணக்கு, தினாரில்: பாஸ் 150, நான்கு இரவு நடுத்தர விடுதி 180, வாடி ரம் கூடாரமும் ஜீப்பும் 120, பஸ்ஸும் டாக்சியும் 150, சாப்பாடு 180. மொத்தம் 780 தினார், ரூபாயில் ₹1,01,400. விமானத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக ஒருவருக்கு ₹42,000 வைத்துக்கொள்வோம்; இருவருக்கு ₹84,000. காப்பீட்டுக்கு ₹4,000. எதிர்பாராததற்கு ₹22,000. எல்லாம் சேர்த்து ₹2,11,400. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் ₹10,000 போட்டால் ₹80,000 சேரும், கையிலிருப்பதோடு ₹2,30,000. டிசம்பரில் போனால் ₹1,90,000-தான் இருக்கும். அப்போதும் கைமாற்று தேட வேண்டும். பணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் டிசம்பர் அங்கே குளிரும் மழையும் சேர்ந்த பருவம். மலைப்பிளவுக்குள் திடீர் வெள்ளம் வரும் ஆபத்து இருந்தால் பெட்ராவை மூடிவிடுவார்கள். மே தொடக்கத்தில் பகல் நீளம், மழை அரிது. உங்கள் மனைவிக்கும் விடுமுறை, மகளுக்கும் பரீட்சை முடிந்திருக்கும்.

ஜோர்டான் பாஸில் மூன்று விலை உண்டு: பெட்ராவில் ஒரு நாள் என்றால் 70 தினார், இரண்டு நாள் 75, மூன்று நாள் 80. நீங்கள் வாங்க வேண்டியது 75. தனித்தனியாகக் கொடுத்தால் விசா 40, பெட்ரா இரண்டு நாள் 55, ஜெராஷ் 10, வாடி ரம் 5, அம்மானின் இரண்டு இடங்களுக்கும் 5 என்று ஒருவருக்கு 115 ஆகிவிடும். இருவருக்கும் 80 தினார் மிச்சம், ₹10,000-க்கு மேல். நிபந்தனைகள் இரண்டு. ஜோர்டானில் இறங்குவதற்கு முன்பே இணையத்தில் வாங்கியிருக்க வேண்டும். குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டும். விசா விதிகளை டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் இழக்கிறார்கள். 1995 முதல் ஜோர்டான் தினார் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது: ஒரு டாலருக்கு 0.709 தினார். அதனால் நீங்கள் கவனிக்க வேண்டியது ரூபாய்–டாலர் விலையை மட்டுமே. இங்கே ஃபாரெக்ஸ் கார்டில் தினாரை ஏற்றுவது பெரும்பாலும் இயலாது. டாலரை ஏற்றித் தருவார்கள். அந்த டாலர் கார்டை அங்கே தினாரில் தேய்த்தால், நாணயம் மாறுவதற்கென்று மூன்று சதவீதத்தை ஒட்டி ஒரு கட்டணம் பிடிப்பது வழக்கம். இதைச் சொல்லாமலே விற்பார்கள். அதற்குப் பதில் பாதிச் செலவுக்கு டாலர் நோட்டு கொண்டுபோய் அம்மான் நகரத்துக் கடைகளில் மாற்றுங்கள். விலை கட்டுண்டிருப்பதால் நஷ்டம் மிகக் குறைவு. ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துப் போகலாம். அவ்வளவு உங்களுக்குத் தேவைப்படாது. விடுதிக்கு, அந்நியச் செலாவணிக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்று கிடைத்தால் அது போதும். கார்டு இயந்திரம் ரூபாயில் எடுக்கவா, தினாரில் எடுக்கவா என்று கேட்டால் தினார் என்றே சொல்லுங்கள்; ரூபாய் என்றால் கடைக்காரரின் வங்கி தன் இஷ்டத்துக்கு விலை போடும். மிச்சமான தினாரை அங்கேயே டாலராக மாற்றிவிடுங்கள். திருநெல்வேலியில் அதை வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும். பெட்ரா வாசலில் குதிரைச் சவாரி டிக்கெட்டிலேயே அடங்கும் என்று அழைப்பார்கள். இறங்கும்போது இனாம் எதிர்பார்ப்பார்கள். ஏறுவதானால் இனாமை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

காப்பீடு வாங்கும்போது சர்க்கரை நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் அங்கே மருத்துவமனைச் செலவை நிறுவனம் மறுக்க இடம் கொடுத்ததாகும். இன்னொன்று: பயணக் காப்பீடுகளில் போரால் வரும் இழப்புக்குப் பெரும்பாலும் விலக்கு இருக்கும். 2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் மோதலின்போது ஜோர்டான் தன் வான்வெளியைத் தற்காலிகமாக மூடியது. அந்தப் பிராந்தியத்தில் இது நடக்கக்கூடியது. ஆகவே விடுதிகளைக் கடைசி வாரம் வரை இலவசமாக ரத்து செய்யும் வகையில் பதிவு செய்யுங்கள். விமான டிக்கெட்டில் சற்று கூடுதலாகக் கொடுத்தாவது தேதி மாற்றும் வசதியை வாங்குங்கள். வெளியுறவு அமைச்சகம் போக வேண்டாம் என்று அறிவுறுத்தினால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கடன் இல்லாத பயணத்தைத் தள்ளிப்போடுவது எளிது. தவணை ஓடத் தொடங்கிவிட்டால் போகாத பயணத்துக்கும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் கடனை மறுப்பதற்கு வட்டியைவிட இதுவே பெரிய காரணம்.

எல்.டி.ஏ. விலக்கு இந்தியாவுக்குள் செய்யும் பயணத்துக்கு மட்டும்தான். வெளிநாட்டை இடையில் சேர்த்துச் சுற்றிவந்து கேட்டவர்களின் கோரிக்கையையும் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் மறுத்துவிட்டது. புதிய வரி முறையில் இருந்தால் உள்நாட்டுப் பயணத்துக்கும் அந்த விலக்கு இல்லை. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் வாங்கினால் முகவர் டி.சி.எஸ். என்ற, விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரியும் வாங்குவார். அது உங்கள் பான் எண்ணில் ஏறி, வருமான வரித் தாக்கலில் கழிந்துவிடும் அல்லது திரும்ப வரும். ஆனாலும் பல மாதம் அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். டிக்கெட்டையும் விடுதியையும் நீங்களே தனித்தனியாகப் பதிவு செய்தால் பேக்கேஜ் கணக்கில் அது வராது.

உங்கள் மனைவி அரசு ஊழியர் என்பதால் துறையின் முன் அனுமதி இல்லாமல் வெளிநாடு போகக் கூடாது. அதற்கு நாள் பிடிக்கும். செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் காட்ட வேண்டியிருக்கலாம். சொந்தச் சேமிப்பு என்று எழுதி, கணக்குப் புத்தகத்தின் நகலை வைத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நவம்பரிலேயே விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள். இருவரின் பாஸ்போர்ட்டும் பயணத்துக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்; இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

₹1,50,000-ஐச் சேமிப்புக் கணக்கில் கலந்து வைக்காமல் ஆறு மாத எஃப்.டி.யாகப் போட்டுவிடுங்கள். ₹10,000-க்குச் செப்டம்பர் முதல் எட்டு மாத ஆர்.டி. ஒன்றைச் சம்பளம் வரும் மறுநாள் பிடிக்கும்படி தொடங்குங்கள். அந்த எஃப்.டி. மார்ச் தொடக்கத்தில் முதிரும்போது அதிலிருந்தே விமான டிக்கெட் எடுக்கலாம். ஏப்ரல்–மே கேரளத்திலும் விடுமுறைக் காலம். வளைகுடா விமானங்களில் கட்டணம் ஏறும். ஆகவே ஜனவரி முதலே விலையைக் கவனித்துவாருங்கள். மார்ச்சுக்கு முன்பே நல்ல விலை வந்து, துறை அனுமதியும் கையில் இருந்தால், இந்த ஆறு மாத எஃப்.டி.யை முன்கூட்டியே முடித்து டிக்கெட் வாங்கலாம். ஜோர்டான் பாஸை டிக்கெட் உறுதியான பின், ஏப்ரலில் வாங்கினால் போதும்.